அறுபத்திரண்டாவது ஆட்டத்தின் பிழை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை. பேய்க் கதை கேட்டால் கொட்டாவி விடுகிற ஆள். இருபத்தொன்பது வருடமாக, மைதானத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் என் பிழைப்பு. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், மணி நிமிடத்தோடு. நம்புவது உங்கள் பாடு.

என் பெயர் லெனர்ட் சாரி. மின்னசோட்டாவின் வடக்கே, கார்விக் என்ற காகித ஆலை ஊரில், ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் ஸ்கோரர். ஒருவன் அடித்த பந்து அவன் திறமையால் கிடைத்த ஹிட்டா, இல்லை தடுப்பவன் கோட்டை விட்டதா என்று தீர்ப்பு எழுதுகிறவன். கோட்டை விட்டது என்றால் தடுப்பவன் பெயரில் 'எரர்' விழும். ஹிட் என்றால் பந்து போட்டவன் தலையில் விடியும். எப்படி எழுதினாலும் ஒருவன் திட்டுவான். திட்டு வாங்கியே நரைத்த தலை இது.

2023 ஜனவரி. அணிக்கு நூறு வயது. நூறு வருடச் சாதனைகளையும் ஒரே புத்தகமாகத் தொகுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான்கு மாதம். கண் எரிந்தது, முதுகு விண்ணென்று வலித்தது. உண்மையைச் சொன்னால், எவன் சாதித்தால் எனக்கென்ன என்கிற அளவுக்கு அலுத்துப்போயிருந்தேன்.

ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 3:20. மைதானக் கூரைக்குக் கீழே இருக்கும் ஸ்கோரர் அறையில் தனியாக இருந்தேன். மேனேஜர் டெனிஸ் செல்போனில் கூப்பிட்டாள்.

"லென்னி, நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு அச்சுக்குப் போகுது. இனிமே ஒரு கமாவைக்கூடத் தொடாத."

"ஒரே ஒரு பக்கம் பார்த்துட்டு..."

"அட சாமி! உன் குரலே சரியில்ல. வீட்டுக்குப் போய்த் தூங்குய்யா."

அந்த ஒரு பக்கம், நாற்பத்தொன்று. க்ளைட் ஹோஸ்டெட்லரின் நோ-ஹிட்டர். ஒன்பது இன்னிங்ஸும் பந்து போட்டு, எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடிப்பது. நூறு வருடத்தில் எங்கள் அணியில் அதைச் செய்தவர் அவர் ஒருவர்தான். 1956 ஆகஸ்ட் 11. அந்த வருடம் அவர் ஜெயித்தது நான்கு ஆட்டம், தோற்றது பதினொன்று. அடுத்த வருடமே கை போய்விட்டது. பிறகு முப்பத்தைந்து வருடம் காகித ஆலையில் வண்டி ஓட்டினார். இப்போது எண்பத்தெட்டு வயது. அந்த ஒரு ஆட்டத்துக்காக இன்றைக்கும் சாப்பாட்டுக் கடையில் அவர் தட்டில் ஆப்பிள் பை ஒரு துண்டு கூடவே விழும். மனிதருக்கு வாழ்க்கையில் வேறு பெருமை கிடையாது.

1956-இன் பழைய ஸ்கோர் நோட்டை எடுத்துப் பிரித்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸ். ஒரு கட்டத்தில் 'எரர், ஷார்ட்ஸ்டாப்' என்று இருந்தது. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கிறவன்தான் ஷார்ட்ஸ்டாப்.

அந்தக் கட்டத்தில் மட்டும் காகிதம் தேய்ந்திருந்தது. விளக்குக்கு நேரே பிடித்தேன். ரப்பரால் அழித்த எழுத்து தெரிந்தது. 'ஹிட்'. ஓரத்தில் பொடியாக இன்னொன்று. 'கல்லில் பட்டது.'

எனக்குப் புரிந்துவிட்டது. பந்து தரையில் ஒரு கல்லில் பட்டுத் துள்ளியிருக்கிறது. அது தடுப்பவன் குற்றம் ஆகாது, விதிப்படி ஹிட். அந்தக் காலத்து ஸ்கோரர் ஹால்வர்சன் நேர்மையாகத்தான் முதலில் எழுதியிருக்கிறார். பிறகு அழித்திருக்கிறார். ஸ்கோரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நோ-ஹிட்டர் முடியப்போகும் நேரத்தில் சந்தேகமான பந்து வந்தால், தடுப்பவன் தலையில் கட்டிவிடு. நோ-ஹிட்டரைக் கெடுக்கிற முதல் ஹிட் சந்தேகத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். இரண்டு முறை. அந்தப் பையன்களின் பெயர்கூட இப்போது நினைவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கட்டத்துக்குரியவனின் பெயர் ஃபெர்மின் கிந்தானா. கியூபாவிலிருந்து வந்தவன், இருபது வயது. அன்றுவரை அறுபத்தொரு ஆட்டம் ஒரு தப்புகூடச் செய்யாதவன். இன்னும் இரண்டு ஆட்டம் போயிருந்தால் லீக் சாதனை. அதைக் கேள்விப்பட்டுத்தான் பெரிய அணியின் ஆள் ஒருவர் அவனைப் பார்க்க வந்திருந்தார். அறுபத்திரண்டாவது ஆட்டத்தில் எரர் விழுந்தது. வந்தவர் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். பையன் ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். நவம்பரில் குறுக்கு வழி என்று உறைந்த ஏரியின் மேல் நடந்தான். நவம்பர் பனிக்கட்டி ஆளைத் தாங்காது என்று இங்கே பிறந்தவனுக்குத் தெரியும். அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இதைத் திருத்தினால் க்ளைடின் நோ-ஹிட்டர் போயிற்று. உயிரோடு இருக்கிற கிழவரின் வாயிலிருந்து அந்த ஒரு துண்டைப் பிடுங்க வேண்டும். திருத்தாவிட்டால்? செத்தவன் வந்து கேட்கவா போகிறான்?

நோட்டை மூடினேன். மணி 4:02.

கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். கீழே மைதானம் முழுக்கப் பனி. மதியம்தான் புதிதாகப் பெய்திருந்தது. ஒரு காக்கையின் கால்கூடப் படவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஜனவரியில் ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும்.

4:11. கையுறையைத் தேடிக்கொண்டிருந்தேன். தற்செயலாக மறுபடி வெளியே பார்த்தேன். ஷார்ட்ஸ்டாப் நிற்கும் இடத்தில் இரண்டு காலடித் தடம். பக்கத்துப் பக்கத்தில். அடிப்பவன் நிற்கும் பக்கம் பார்த்தபடி. யாரோ வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன்.

ஆனால் வந்த தடம் இல்லை. போன தடமும் இல்லை.

4:19. தடம் நகர்ந்திருந்தது. இடப்பக்கம், ஒரு எட்டு. கண் அசதி, லென்னி. நான்கு மாதத் தூக்கம் பாக்கி. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4:26. சத்தம். சரக்... சரக்... தரையைக் காலால் தேய்த்துச் சமன்செய்யும் சத்தம். ஷார்ட்ஸ்டாப்புகள் எல்லோரும் செய்வதுதான். கல் இருந்தால் ஒதுக்குவதற்கு. இருபத்தொன்பது வருடமாகக் கேட்ட சத்தம். ஆனால் ஜன்னல் மூடியிருந்தது. கீழே கிடப்பது மண் அல்ல, ஒரு அடிப் பனி.

சரக்... சரக்...

4:33. அறையில் தோல் கையுறைக்குப் போடும் எண்ணெய் வாசனை வந்தது.

போக வேண்டும். ஜன்னலிலேயே நின்றேன்.

4:38. போன் அடித்தது.

என் செல்போன் இல்லை. சுவரில் தொங்கும் கறுப்பு போன். கீழே ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்திலிருந்து நேராக வரும் இணைப்பு. எரர் எழுதினால் உடனே அதில்தான் கூப்பிட்டுக் கத்துவார்கள். அது செத்து ஒன்பது வருடம் ஆகிறது. கீழே இடித்துக் கட்டியபோது கம்பியை வெட்டிவிட்டார்கள்.

டிர்ர்ங்... டிர்ர்ங்...

ஏன் எடுத்தேன் என்று தெரியாது. பழக்க தோஷம்.

"ஸ்கோரர் சாரா?"

இளம் குரல். என்னைவிடக் களைத்திருந்தது.

"யாரு பேசறது?"

"அந்தப் பந்து... கல்லுல பட்டுச்சு சார்."

"எவன்டா அது? விளையாடறியா?"

"நான் சரியாத்தான் நின்னேன் சார். வேணும்னா பாருங்க. இன்னும் அங்கயேதான் நிக்கறேன்."

பார்த்தேன்.

தடங்களுக்கு மேலே யாரும் இல்லை. ஆனால் பனி மட்டும்... ஒதுங்கியது. சரக். மறுபடி... சரக்.

"ரொம்பக் குளுருது சார்."

அழுகை வந்தது. பயத்தில் பாதி. மீதி என்ன என்று உங்களுக்கே தெரியும்.

"மாத்திடறேன்பா," என்றேன். "இப்பவே மாத்திடறேன்."

டொக்.

கணினியில் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தேன். நோ-ஹிட்டரை எடுத்தேன். ஹிட் என்று போட்டேன். அதற்குப் பிறகும் அந்த வருடம் முழுக்க கிந்தானா தப்பே செய்யவில்லை. மொத்தம் எழுபத்தெட்டு ஆட்டம். லீக் சாதனையாக எழுதினேன். 5:06-க்கு அச்சகத்துக்கு அனுப்பினேன். வெளியே வந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். மைதானம் முழுக்க வழவழவென்று பனி. ஒரு தடமும் இல்லை.

மறுநாள் காலை 8:30-க்கு க்ளைட் வீட்டுக் கதவைத் தட்டினேன். அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தேன். இரவெல்லாம் தூக்கமில்லை. கிழவர் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் மனைவி நோர்மா கதவைத் திறந்தாள்.

"வா லென்னி. விஷயம் தெரியும். நேத்தே போன் வந்துடுச்சு."

"யாருகிட்டேருந்து?"

"உங்க ஆபீஸ்தான்னு நினைச்சேன். அஞ்சேகாலுக்கு. அரை மணி நேரம் பேசினார் மனுஷன். சிரிக்கறார், அழறார். போன்ல யார் பேசினாலும் மூணு வருஷமா அவருக்குக் காது கேக்காதே! நேத்து ஒரு தடவைகூட 'என்ன, என்ன'ன்னு கேக்கல."

உள்ளே போனேன்.

க்ளைட் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைத் தட்டினார். முகத்தில் பெரிய சுமையை இறக்கி வைத்த தெளிவு.

"கல்லுல பட்டதை நான் பார்த்தேன் லென்னி," என்றார். "அறுபத்தாறு வருஷமா வாயைத் திறக்கல. அந்தப் பய ஒண்ணும் மனசுல வச்சுக்கல. சனிக்கிழமை ஆட்டம் இருக்காம். ஒண்ணஞ்சுக்கு. நான்தான் பந்து போடணுமாம்."

ஜனவரியில் ஏது ஆட்டம்? நோர்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். வயசாச்சு, விடு என்று அர்த்தம்.

சனிக்கிழமை மதியம் 1:05-க்கு க்ளைட் உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நோர்மா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனாள்.

"உன்கிட்ட சொல்லச் சொன்னார் லென்னி. நான்தான் தயங்கினேன்."

"என்ன?"

"அந்த ஆட்டத்துல இருக்கறவங்களுக்கு ஒழுங்கா எழுதற ஸ்கோரர் இத்தனை நாளா யாருமே இல்லையாம். உன் பேரைக் கேட்டாங்களாம். இவர் முழுப் பேரையும் எழுத்துக் கூட்டிச் சொல்லிட்டாராம். நீ தப்பா எடுத்துக்க மாட்டல்லன்னு கேக்கச் சொன்னார்."