துண்டிக்கிற விரல்

காரைக்குடியில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டரை நடத்தியவர், நீண்டு மஞ்சளித்த சுண்டுவிரல் நகத்தால் காதைக் குடைவார், முகர்ந்து பார்ப்பார், அதே கையால் மௌஸைப் பிடிப்பார். இன்டர்நெட்டுக்கு டயல் செய்ததும் மோடம் கீச்சிட்டு அடங்கும். பல நேரம் திரையில் ஒரு செய்தி வரும். கேட்ட புரோட்டோகால்களில், அதாவது இணைப்பு முறைகளில், ஒன்றை எதிர்முனை ஏற்கவில்லை, மற்றவற்றோடு தொடரலாமா, துண்டிக்கலாமா? உடனே துண்டிப்பார்.

அன்று தேவகோட்டையிலிருந்து ஓர் அம்மா வந்து காத்திருந்தார். மகளுக்கு வந்த சம்பந்தத்துக்கு, சவூதியில் இருந்த கணவரின் சம்மதம் மெயிலில் வரவேண்டும்.

"சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள பதில் சொல்லலைன்னா மாப்பிள்ளை வீட்டுல வேற எடம் பாத்துக்குவாகளாம், தம்பி."

சென்டர்காரர் மறுபடியும் துண்டித்தார்.

"மெயிலுக்கு வேண்டியது சேந்துருச்சு. சேராதது நமக்குத் தேவையே இல்ல," என்றேன், பக்கத்தில் என் முறைக்காகக் காத்திருந்த நான்.

"தெரியும்ணே. ஒருநா கை தவறி 'தொடர்'னு அமுக்கிட்டேன். மெயில் நல்லாத்தான் வந்துச்சு."

"பெறகு ஏன் கட் பண்றீக?"

"கொறை இருக்குன்னு அதுவே சொல்லுதுல்ல. கொறையோட ஒண்ண ஆரம்பிச்சு வைக்கலாமா? அதுவும் கல்யாணக் காரியம்."

அந்த அம்மா எழுந்துவிட்டார். "கொறைய நாங்க பாத்துக்குறோம். நீங்க அமுக்குங்க."

சென்டர்காரர் கையைக் கட்டிக்கொண்டார். பிசுபிசுத்த மௌஸை நானே பிடித்து, மீண்டும் டயல் செய்து, தொடரச் சொன்னேன். மெயில் வந்தது. சம்மதம். அந்த அம்மா கண்ணைத் துடைத்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

"நாளைக்கு ஒண்ணுன்னா என்னயச் சொல்லக்கூடாது."

இப்படித் துண்டித்துத் துண்டித்தே எத்தனை பேரைக் காப்பாற்றியதாக நம்பிக்கொண்டிருந்தாரோ, அந்த மனிதர்.