எங்கள் வாசலில் பேஞ்சோ வாசித்த சாமி

எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் டீ கொடுப்பார்கள்.

ஒரு ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போன காவடிக் கூட்டத்தோடு முன்பின் தெரியாத ஒருவன் வந்தான். கழுத்தில் பேஞ்சோ தொங்கியது. மாலை போட்டு மஞ்சள் துணி கட்டியவனை யாரும் பேர் கேட்க மாட்டார்கள், எல்லாரும் சாமிதான். அந்தச் சாமி எங்கள் வீட்டு வாசலில் மட்டும் நின்று ஒரு பாட்டு வாசித்துவிட்டு, எதுவும் கேட்காமல், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டது. அன்று சாயங்காலமே மழை. வந்தது முருகனேதான் என்று முடிவாகிவிட்டது.

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் மழை பெய்வதற்கு முருகன் நேரில் வர வேண்டியதில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை என்கிறார்கள். எங்கள் தெரு நாய்கள் திருடனைப் பார்த்தும் குரைத்ததில்லை.

நான் அன்று ஊரில் இல்லை. தலைப்பிரசவத்துக்கு நகரியில் அம்மா வீட்டில் இருந்தேன். கைக்குழந்தையோடு திரும்பியபோது கதை தயாராக இருந்தது. சாமி இடது கையால் மீட்டியதாம். மனுஷனுக்கு அப்படி வருமா என்று பக்கத்து வீட்டம்மா கண்ணை விரித்தார். என் தம்பி இடது கைக்காரன்.

பேஞ்சோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சொன்னதுதான். வெள்ளைக்காரர்களின் பேஞ்சோவுக்கு வயிறு தோலால் ஆனது, ஈரத்தில் தொய்ந்துபோகும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் செய்துகொண்டதுதான் அதன் ஆதி. நம்மூரில் பேஞ்சோ என்பது அதுவே இல்லை. ஜப்பானிலிருந்து வந்த கம்பிப் பெட்டி, டைப்ரைட்டர் மாதிரி பொத்தான்கள். இடது கை அழுத்த, வலது கை மீட்ட வேண்டும். இவன் பெட்டியையே திருப்பி மாட்டிக்கொள்வான். “எந்தக் கையில வாசிச்சா இன்னாக்கா, சத்தம் நல்லா வந்தா சரி” என்பான்.

பேண்டு செட்டோடு சேர்ந்து சாவு ஊர்வலத்தில் வாசித்தான் என்று நைனா அவனை வீட்டை விட்டுத் துரத்தினார். “நெலம் வெச்சிகினு கீறவன் புள்ள சாவுக்கு வாசிப்பானா?” என் கல்யாணம் பேசும்போது எங்களுக்கு ஒரே பெண் என்று சொல்லிவிட்டார். அவர் இருந்தவரை நானும் வாயைத் திறக்கவில்லை.

இந்த ஆடிக்கு முன்னால் தெருக்காரர்கள் எங்கள் வாசலில் கல் நட்டு வேல் பதிப்பது என்று டிராக்டரோடு வந்தார்கள். முதல் மஞ்சள் பூச என்னைக் கூப்பிட்டார்கள். செத்தவர்களுக்குக் கல் நடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“அது சாமி இல்லிங்க, என் தம்பி. எங்கியோ உசுரோட கீறான். கல்லெல்லாம் வேணாம்.”

“உனக்கேது தம்பி?” என்றார் என் கணவர். எல்லார் முன்னாலும் சொன்னேன். சாமியையே தம்பி என்கிறாளே என்று ஒருவர் சத்தம் போட்டார். போடட்டும். சாமி அவர்களுக்கு ஆயிரம் கிடைக்கும், எனக்குத் தம்பி ஒருத்தன்தான். நான் வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் கல்லைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் மாமியார் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அவன் ஒண்ணும் கேக்கலன்னு நான்தாம்மா கட்டி வுட்டேன். உன்னத்தான் கேட்டான். நகரி பொண்ணு இந்த வூடுதானன்னான். எவனோ ஒருத்தன் மருமவள கேட்டுகினு வந்தான்னு தெரிஞ்சா ஊரு உன்ன இன்னா பேசும்? அதான் சாமின்னுட்டேன்.”

“நீங்க இன்னா சொன்னீங்க அத்தை?”

“பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்குப் போயிருக்குதுன்னேன்.”

அவன் கால் வைக்க முடியாத ஒரே வீடு அது. நான் வாய்விட்டு அழுதேன். அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார்.

“சந்தோசமா கீதான்னு கேட்டான். ஆங், நல்லா கீதுன்னேன். அதுக்கப்புறம்தான் வாசிச்சான்.”