எட்டாம் நாள் எந்தக் கிழமை

என் பேத்தி விஜியைப் பற்றிச் சொல்கிறேன். கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கடை வைத்திருக்கிற என் மூத்த மகன் பூவனநாதனுக்கு அவள் ஒரே பிள்ளை. தாய் இல்லாதவள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் கல்யாணமாகவில்லை. நான் நாகலாபுரத்தில் சின்னவன் வீட்டில் இருந்தாலும் என் நினைப்பெல்லாம் அவள் மேலேதான்.

அவள் வேலை எனக்குப் புரிய ரொம்ப நாளானது. வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் எழுதுகிறாள். மனுஷர் படிக்க இல்லை, மெஷின் படிக்க. ஆள் மாதிரி வேலை செய்கிற ஏஐ வந்திருக்கிறதல்லவா, அதை ஏஜென்ட் என்கிறார்கள். டிக்கெட் போடுமாம், கடிதம் எழுதுமாம், ஆனால் நாள் கணக்கில் தடுமாறுமாம். அதற்காகத் தேதியும் நேரமும் கூட்டிக் கழிக்கிற கருவி ஒன்றைச் செய்து அதன் கையில் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கருவியை எப்போது எடுக்க வேண்டும், அதனிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று ஏஜென்ட்டுக்கு விளக்கி எழுதுவது விஜியின் வேலை.

"எனக்குக் கிழமை தெரியும், எழுத்து தெரியாது. அதுக்கு எழுத்து தெரியும், கிழமை தெரியாது. எங்க ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆளு தேறும்ட்டி" என்றேன். சிரித்தாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

வந்த வரன்களெல்லாம் வேலையை விடச் சொன்னார்கள். கயத்தாற்றில் இரும்புக்கடை வைத்திருக்கிற மணிகண்டபிரபு ஒருவர்தான், கல்யாணத்துக்குப் பிறகும் அவள் எழுதட்டும் என்றவர். ஒரே தடவைதான் பேசினார்கள். அவளுக்குப் பிடித்துவிட்டது. அவள் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியாதா?

ஒரு புதன்கிழமை மாப்பிள்ளையின் தாயார் மீனாட்சியம்மாள் போன் போட்டாள். இன்றைக்கு எட்டாம் நாள் வந்து கை நனைக்கிறோம் என்றாள். பெண் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பூவனநாதன் கடையில் இருந்தான். பேசியது விஜிதான். கையில் வேலை இருந்தது, அவள் எழுதிக் கொடுக்கிற ஏஜென்ட்தான் அவள் போனிலும் இருந்தது, அதனிடம் அதே வார்த்தையைச் சொல்லிக் குறித்து வைக்கச் சொன்னாள். அது கருவியைக் கேட்டது. கருவி வியாழன் என்றது. எங்கள் எல்லோருக்கும் வியாழன் என்றே சொன்னாள்.

நான் வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கருப்பட்டியோடு போய் இறங்கினேன். வடைக்கு அரைத்து, பாயசம் வைத்து, இலை நறுக்கி வைத்துக் காத்திருந்தோம். பாயசம் ஆறி ஆடை கட்டிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் எதிர்வீட்டுச் சொர்ணத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு ஆச்சி இம்புட்டுச் சமையல்? நேத்துல்லா கார்ல ஆள்கள் வந்தாவ. பூவும் பழமுமா நின்னுட்டுப் போய்ட்டாவளே."

நேற்று பூவனநாதன் கடையில். விஜி சேலை எடுக்கத் திருநெல்வேலி போயிருந்தாள். அவள் போன பஸ் கயத்தாறு வழியாகத்தான் போனது. மிட்டாய்க் கடைக்குப் போய்க் கேட்போம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். பூட்டைப் பார்த்த பிறகு என்ன கேள்வி என்று அவருடைய தாய்மாமன் காரைத் திருப்பச் சொல்லிவிட்டாராம்.

பூவனநாதன் போன் போட்டுக் கெஞ்சினான். மீனாட்சியம்மாள் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பூட்டுன கதவுக்கு முன்னால எங்கள நிக்க வச்சிட்டீங்க அண்ணாச்சி. இனி அவிய மாமா சம்மதிக்க மாட்டாவ" என்று வைத்துவிட்டாள்.

மெஷின்தான் கெடுத்தது என்று நான் பிடித்த பிடியில் நின்றேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். விஜி ஒத்துக்கொள்ளவில்லை.

"அது தப்பாக் கணக்குப் போடல ஆச்சி. இன்னையோட எட்ட கூட்டிருக்கு. நாம இன்னையையும் சேத்துல்லா எண்ணுதோம். புதனுக்கு எட்டாம் நாள் புதன்தான்."

"அத நீ எழுதிக் குடுத்திருக்கலாம்லா?"

"எழுதிருக்கலாம். ஒரு மாசமா ஒக்காந்து எழுதுனேன். எந்தெந்த நாட்டுல நேரம் எப்படி மாறுதுன்னு எல்லாம் எழுதுனேன். எட்டாம் நாள்னு சொல்லியே வளந்தவ, எனக்கு அது தோணல பாருங்க."

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதிச் சேர்த்தாள். ஒருவர் எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று சொன்னால், தொடங்கிய நாளையும் சேர்த்து எண்ணுகிறவராக இருக்கலாம், கிழமையைக் கேட்டுவிட்டுப் பிறகு கணக்குப் போடு என்று. ஆபீசில் நல்லது என்றார்களாம். தை மாதம் மணிகண்டபிரபுவுக்குக் கயத்தாற்றிலேயே வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சின்னவனுக்குச் சேதி அனுப்ப வேண்டியிருந்தது. "எட்டாம் நாள் வாரேன்னு சொல்லிரு" என்றேன். விஜி போனிடம் சொன்னாள்.

"எந்தக் கிழமை என்று சொல்ல முடியுமா?" என்று அது பதவிசாகக் கேட்டது.

விஜி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள்.