ஆறிய ஒட்டில் வந்த குரல்

சைக்கிள் டைனமோவில் பாடிய ரேடியோ, கார் பற்றரியில் ஓடிய தொலைக்காட்சி, மன்னார்க் கரையில் அரிப்பு ஊரிலிருந்து விடத்தல்தீவு வரைக்கும் படகுகளில் இன்றும் வேலை செய்யும் மீன் தேடும் கருவிகள், எல்லாம் இந்தக் கைகள் உயிர் கொடுத்தவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கரண்டும் இல்லை, காட்டித்தர ஆளும் இல்லை. ஆனால் இன்றைக்கும் என் மூக்கில் நிற்பது, பதின்மூன்று வயதில் எங்கள் மாதா கோயில் அறைக்குள் ஈயம் உருகியபோது எழுந்து, சாம்பிராணியோடு கலந்த பிசின் புகைதான்.

சவூதியிலிருந்து வந்த பெரியப்பா மகன் எனக்கு ஒரு 'காஸ் பேனை' தந்திருந்தார். லைட்டருக்கு அடைக்கும் காஸை அதன் வாலில் அடைத்துப் பற்றவைத்தால், மூக்கு ஈயத்தை உருக்கும். பகல் வெளிச்சத்தில் அந்த நெருப்பு கண்ணுக்கே தெரியாது. சுட்ட பிறகுதான் இருக்கிறதென்று தெரியும். கோயிலின் ஒலிபெருக்கிப் பெட்டி ஊமையானபோது பங்குச் சுவாமியார் என்னைத்தான் கூப்பிட்டார். அரிசிமணியளவு உறுப்பொன்றை மாற்றி ஒட்டினேன். கடைசி ஒட்டில் கச்சான் காற்று சாளரத்தால் புகுந்து பேனையின் மூக்கை ஆற்றிவிட்டது. ஈயம் பளபளக்காமல் சாம்பல் நிறமாக உறைந்தது, சரியாகப் பிடிக்காத ஆறிய ஒட்டு. பாட்டு வந்தது; போதுமென்று மூடிவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானச் செபத்துக்குப் பெட்டியைப் போட்டார்கள். மைக் இன்னும் அலுமாரிக்குள் இருக்க, வெளியே கம்பத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் முணுமுணுத்தது. ஆம்பிளைக் குரல், வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு கதைப்பதுபோல.

கடலுக்குப் போன புருசன் நாலு மாதமாகத் திரும்பாத திரேசக்கா, கூம்புக்குக் கீழே சுடுமணலில் வந்து குந்தினார். "அவர்தான். திரேசு எண்டு கூப்பிடுறார்" என்றார். சனிக்கிழமை விடிய அவரும் இரண்டு பிள்ளைகளும் சண்டைக்குத் தப்பி இராமேஸ்வரத்துக்குப் படகேற இருந்தவர்கள். இனி வரமாட்டேன் என்றுவிட்டார்.

"விசரி, செல்லடிக்குள்ள பிள்ளையளை வைச்சுக்கொண்டு ஸ்பீக்கரோட குடும்பம் நடத்தப் போறியோ?" என்று தமையன் கத்தினார்.

"அவர் இஞ்ச நிக்கேக்க நான் எங்க அண்ணை போறது?"

எனக்கு விளங்கிவிட்டது. ஆறிய ஒட்டு சிலவேளை தானே ரேடியோவாகி, கடலுக்கு அப்பால் பேசும் நிலையத்தை இழுத்துவிடும். சொன்னால் என் கைவேலைக்கு இழுக்கு. மூன்று நாள் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அறைக்குள் போய்ச் சாளரத்தைச் சாத்தினேன். பெட்டியைப் போட்டு, அந்த ஒட்டைக் குச்சியால் தட்டினேன். குரல் ஒரு கணம் தெளிந்தது. "போ, திரேசு" என்றது. பற்றரி வயரைக் கழற்றி, காஸ் பேனையால் ஈயத்தை மறுபடி உருக்கினேன். பளபளவென்று உறைந்தது. திரும்பப் போட்டபோது கூம்பில் மூச்சுக்கூட இல்லை. வெளியே திரேசக்கா எழுந்து, சீலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, உடுப்பு அடுக்கப் போனார். அடுத்த கிழமை அவர் விட்டுப்போன வெறும் வீட்டில் செல் விழுந்து வெடித்தது.

அந்தக் கோயிலும் கூம்பும் இப்போது இல்லை. இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பிய திரேசக்கா பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். புதுக் கோயிலின் பங்கு மலரில் அவர் கதையைப் 'புதுமை' என்று, கடவுள் செய்த அற்புதமாக, அச்சடித்திருக்கிறார்கள். என் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. ரேடியோவில் எவன் திரேசு என்று கூப்பிடுவான் என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. யார் பேசியிருந்தாலும் என் ஒட்டு வழியாகத்தான் பேசினார். புதுமையென்றே இருக்கட்டும். மூன்று நாள் பேசாமலிருந்ததையும் சேர்த்து, கீழே என் பெயரைப் போடுங்கள்.