சேகண்ணை வரைந்த பயம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிபோல, கிழக்கு லண்டன் பார்க்கிங் பகுதியில் நான் வேலை செய்யும் பெற்றோல் நிலையத்துக்குத் தொலைபேசி வந்தது. வடக்கு லண்டன் எட்மண்டனிலிருந்து மேரி அக்கா. சேகண்ணை பதினொரு வருடமாகக் குடியிருந்தது அவருடைய வீட்டு மேல்மாடி அறையில்தான்.

“தம்பி, சேகண்ணை மோசம் போயிட்டாரடா. காலமை தேத்தண்ணி கொண்டு மேலை போனனான். தட்டுறன், தட்டுறன், சத்தமில்லை. திறந்து பாத்தா மேசையிலை தலையை வைச்சபடி இருக்கிறார். நித்திரையெண்டுதான் நினைச்சன்.”

முன்னால் நின்ற ஒருவர் மூன்றாம் நம்பர் பம்ப் என்றார். அவரை அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இந்த வருடத்தில் எனக்கு இது நான்காவது செத்தவீடு. தொலைபேசி அடித்தாலே களைப்பு வந்துவிடுகிறது. கறுப்புக் கோட்டைத் துவைக்கக் கொடுத்து வாங்கக்கூட இடைவெளி கிடைப்பதில்லை.

இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரிந்திருக்கும். எங்கள் இலக்கியக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு சொல்லும் விளங்காமல், வடை முடியும்வரை இருந்துவிட்டுப் போகிற ஜப்பானியர் அவர்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பெயர் செகினே. பயங்கரச் சித்திரக்கதைகள் வரைந்தவர். பெரிய பதிப்பகங்கள் கையால் தொடாத, கடைக்காரர்கள் மேசைக்கு அடியில் வைத்து விற்ற வகைக் கதைகள். பிழைப்புக்கு உணவகத்தில் மீன் வெட்டினார். அதே சமையலறையில் கோப்பை கழுவிய எங்கள் வாயில் செகினே சேகர் ஆகி, சேகர் சேகண்ணை ஆனது.

தகனத்தன்று என்னைத்தான் பேசச் சொன்னார்கள். நெருங்கிய கூட்டாளி நான்தானாம். அன்பு, அடக்கம், உழைப்பு என்று மூன்று சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஏனென்றால், சேகண்ணைக்கு என் உதவி தேவைப்பட்ட ஒரே ஒரு நாளில், அவரைத் தெரியாது என்று சொன்னவன் நான். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு இனிச் சக்தியில்லை. மறைப்பதற்கும் உடம்பில் பலம் வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. மத்திய லண்டனில், ஜப்பானியக் கம்பனிக்காரர்கள் வந்து சாப்பிடும் ஒரு உணவகம். மத்தியானச் சாப்பாடு முடிந்து மாலைச் சாப்பாடு தொடங்கும்வரை எங்களுக்கு மூன்று மணி நேர ஓய்வு. மற்றவர்கள் சுருண்டு படுப்போம். அவர் மட்டும் மாடிப்படிக்குக் கீழே, உடுப்பு மாற்றும் இடத்தில், மரக்கறிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வரைவார். நான் எட்டிப் பார்த்த முதல் பக்கத்தில் ஒரு பெண் தன் வாய்க்குள்ளிருந்து இன்னொருவரின் கையை இழுத்துக்கொண்டிருந்தாள். “இதென்ன அண்ணை கறுமம்?” என்று கேட்டேன். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு எனக்கு ஒரு சோற்று உருண்டை தந்தார்.

அவருடைய ஆங்கிலம் என்னுடையதைப்போலவே முறிந்த ஆங்கிலம். இடையிடையே எங்களிடம் பொறுக்கிய தமிழும் விழும். அவர் சொன்னவற்றின் பொருளைத்தான் இங்கே தருகிறேன். வடக்கு ஜப்பானில் ஒரு நிலக்கரி ஊர்க்காரர். இளவயதில் வாடகைப் புத்தகக் கடைகளுக்குப் பேய்க்கதை வரைந்தார். தொலைக்காட்சி வந்ததும் கடைகள் மூடப்பட்டன. பிறகு ஒரு சிறு பத்திரிகைக்கு வரைந்தார், அதுவும் நின்றது. பெரிய பத்திரிகை ஆசிரியர் ஒருவர், பேய்களின் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வரட்டுமே என்று கேட்டாராம். “என் பேய்கள் வேலையால் களைத்து வருகிறவை. எப்படிச் சிரிக்கும்?” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர், மீன் வெட்டப் பழகி லண்டனுக்குக் கப்பலேறினார்.

எனக்குப் பேய்க்கதைகளில் மரியாதை இருந்ததில்லை. சேகண்ணையின் ஒரு கதைதான் அதை மாற்றியது. ஒரு வீட்டின் சுவருக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள். வீட்டார் பழகிவிடுகிறார்கள். அந்தச் சுவரடியில் பாய் போட்டுத் தூங்குகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. அப்போதுதான் முதல்தடவையாக எல்லாருடைய முகத்திலும் பயம். அதை வாசித்தபோது எனக்கு எங்கள் வீட்டு ஞாபகம் வந்தது. ஊரில் செல்லடித்துக் குண்டு விழும்போது பேசாமல் சமைத்துக்கொண்டிருக்கும் அம்மா, அது நின்றதும்தான் அழத் தொடங்குவார். இதைச் சேகண்ணையிடம் சொன்னேன். அன்றிலிருந்து எனக்குத் தம்பி என்ற பட்டம்.

படங்களைப் பிரதியெடுத்து, மடித்து, நடுவில் ஸ்டேப்பிள் அடித்து அவரே புத்தகமாக்குவார். மடிப்பதும் அடிப்பதும் என் வேலையாயிற்று. கோணலாக மடித்தால் மீன்காரரின் வாய் திறந்து வசவு விழும். அந்த நேரங்களில்தான் தொழிலைப் பற்றி ஏதாவது சொல்வார். “பேயை வரைவது சுலபம். பேயைப் பார்த்தவனை வரைவதுதான் சீவனை வாங்கும். முப்பது வருடமாக வரைகிறேன், ஒரு முகமும் உண்மையாகப் பயப்படவில்லை. எல்லாரும் நடிக்கிறார்கள்.” எனக்கு அந்த முகங்கள் போதுமானதாகவே பட்டன. சோர்ந்துபோன மனிதரின் சலிப்பு என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது புத்தகத்தில் தொடர்பு முகவரி போட வேண்டியிருந்தது. நாங்கள் எல்லாரும் மாதத்துக்கு ஒரு அறை மாறிக்கொண்டிருந்த காலம். முக்கியமான கடிதங்களை வேலையிடத்து முகவரிக்கு வரவைப்பதுதான் எங்கள் வழக்கம். “இஞ்சத்தை அட்ரசைப் போடுங்கோ அண்ணை. அறை மாறினாலும் வேலை மாறாது” என்று புத்தி சொன்னவன் நான்தான். யாரோ ஒரு தகப்பன் மகனின் பள்ளிக்கூடப் பையில் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்து முறைப்பாடு செய்ய, ஒரு காலை பதினொரு மணிக்கு இரண்டு பொலிஸ்காரர்கள் நேராகச் சமையலறைக்கு வந்து நின்றார்கள்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த இரண்டு பெட்டிகளையும் வெளியே இழுத்தார்கள். புத்தகங்களுக்கு அடியில் ஒரு வருட உழைப்பு, மூலப்படங்கள், ஈரம் படாமல் சுற்றி வைத்திருந்தது. யாருடையவை என்று கேட்டார்கள். சேகண்ணை தன்னுடையவை என்றார். சிறுவருக்கு விற்றாயா, வேறு யார் கூட்டு, இதற்கு அர்த்தம் என்ன என்று கேள்விகள் வேகமாக வர, அவருக்கிருந்த கொஞ்ச ஆங்கிலமும் கைவிட்டுப் போனது. என் பக்கம் திரும்பினார். “தம்பி, சொல்லு” என்றார், தமிழில்.

சொல்வதற்கு என்னிடம் எல்லாம் இருந்தது. வளர்ந்தவர்களுக்கான கதை, சிறுவருக்கு விற்பதில்லை, இந்த மனிதரை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும் என்று மூன்று வசனம் போதும். ஆனால் என் அகதிக் கேஸ் முடிவில்லாமல் கிடந்தது. பொலிஸ் காகிதத்தில் பெயர் ஏறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். பொலிஸ்காரர் என்னைப் பார்த்து, இவரைத் தெரியுமா என்று கேட்டார். “எனக்குத் தெரியாது. நான் கோப்பை கழுவுகிறவன்” என்றேன். சேகண்ணை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை, மிகக் கவனமாக.

மாலையில் அவரை விட்டுவிட்டார்கள். வழக்கு எதுவும் வரவில்லை. பெட்டிகளும் வரவில்லை. கேட்கப் போன ஒவ்வொரு இடத்திலும் வேறொரு கவுண்டரைக் காட்டினார்கள். முதலாளி வேலையால் நிறுத்தினார். இன்னொரு உணவகக்காரர் வேலை தருவதாகக் கடிதம் கொடுத்ததால்தான் நாட்டில் தங்க முடிந்தது. இவற்றை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அவர் நிற்கக்கூடிய தெருக்களை நான் தவிர்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம், அப்டன் பார்க்கில் நானிருந்த அறையின் கதவைத் தட்டினார். கையில் பேப்பரில் சுற்றிய மீன். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். ஜன்னலடிக்குக் கதிரையை இழுத்து என்னை உட்கார வைத்து, எதிரே கட்டிலில் உட்கார்ந்து படம் வரையும் கொப்பியைத் திறந்தார். “அன்றைய முகம். மூக்கு வந்துவிட்டது. கண்ணுக்குக் கீழேதான் வரவில்லை. என்னைப் பார்.”

என்னால் பார்க்க முடியவில்லை. “அதுதான். அப்படியே இரு” என்றார்.

“அண்ணை, அண்டைக்கு நான்…”

“பேசாதே. வாய் அசைகிறது.”

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு இருவருமாக மீனைச் சமைத்துச் சாப்பிட்டோம். அதன்பின் மன்னிப்புக் கேட்க எத்தனையோ வருடங்கள் கிடைத்தன, நான் கேட்கவில்லை. அவர் என் கல்யாணத்துக்கு வந்தார், கூட்டங்களுக்கு வந்தார், கேட்காமலிருப்பது எனக்கு வசதியாகிவிட்டது. அவர் செய்தது தண்டனையா, மன்னிப்பா என்று யோசித்து யோசித்து அலுத்துவிட்டேன். இப்போது நினைக்கிறேன், இரண்டும் இல்லை. அவருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

தொண்ணூறுகளில் காலம் திரும்பியது. கறுப்பு உடுப்புப் போட்ட இளைஞர்கள் அவருடைய கையெழுத்துக்கு வரிசையில் நின்றார்கள். தோக்கியோவில் ஒரு சிறு பதிப்பகம் பழைய கதைகளைத் திரட்டிப் போட்டது. எல்லாரும் வியந்து பேசியது ஒரு பக்கத்தைத்தான். கையுறை போட்ட ஒருவன் கோப்பை கழுவும் தொட்டியருகே நின்று படத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறான். முழுப் பக்கத்துக்கும் அந்த ஒரு முகம். அதைப் பெரிய சுவரொட்டியாக அடித்தார்கள். சேகண்ணை ஒன்றைக் கொண்டுவந்து மாடிப்படிச் சுவரில் ஒட்ட, மேரி அக்கா அதற்கு எதிரே மாதா படத்தை மாட்டினார்.

“உந்த மூஞ்சையைப் பாத்தா எனக்குச் சோறு இறங்குதில்லை. ஆரடா இந்தச் சனியன்?” என்று ஒருநாள் என்னிடமே கேட்டார்.

“தெரியாது அக்கா” என்றேன். சேகண்ணை பக்கத்தில் நின்று தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் எதைப் பார்த்து இப்படிப் பயப்படுகிறான் என்றுதான் இளைஞர்கள் எப்போதும் கேட்பார்கள். பிசாசா, தன் சாவா, அணுகுண்டா என்று அவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கும். “அவனைத்தான் கேட்க வேண்டும்” என்பார் சேகண்ணை. அவர்கள் சிரிப்பார்கள். ஒருதடவைகூட அவர் என் பக்கம் திரும்பியதில்லை. கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்காதவர் அவர்.

இனி அவரிடம் யாரும் கேட்க முடியாது. அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தக் கேள்விக்கான பதில் மட்டும்தான். இத்தனை வருடம் வைத்திருந்து களைத்துவிட்டேன், உங்களிடம் சொல்லிவிடுகிறேன். படத்துக்கு வெளியே பேய் எதுவும் இல்லை. ஒரு மெலிந்த மனிதர், செதில் ஒட்டிய கைகளை ஏப்ரனில் துடைத்தபடி, தனக்கு இங்கே ஒரு தம்பி இருக்கிறான் என்ற நம்பிக்கையோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் பயந்தது அதைப் பார்த்துத்தான்.