பெட்ரோல் போன வழி

எழுபதுகளின் முற்பாதியில், பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய சமயம் பார்த்து எங்கள் வீட்டுக் கார் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தது. முன்பு ஒரு வாரம் ஓடிய பெட்ரோல் வாரத்தின் நடுவிலேயே தீர்ந்துபோனது. பள்ளத்தூருக்குப் போய்விட்டுக் காரைக்குடி திரும்புவதற்குள் பெட்ரோல் அளவு காட்டும் முள் சரிந்துவிடும். விலை ஏறினால் ஓட்டமும் குறையுமா என்ன? அப்பச்சிக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, தூக்கம் போயிற்று.

வண்டி அறுபதுகளின் தொடக்கத்தில் வாங்கியது. வாங்கிய நாள் முதல் அதை ஓட்டியவர் ஒரு முஸ்லிம் பெரியவர். எங்களுக்கெல்லாம் அவர் பாய். என் அக்காவைப் பிரசவ வலியோடு, கொட்டுகிற மழையில், மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர். அப்பச்சி ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது. பின்சீட்டில் உட்கார்ந்து, பாய்க்குத் தெரிந்த வழியையே பாய்க்குச் சொல்லிக்கொண்டு வருவதோடு சரி.

வண்டிக்குள் அப்பச்சியின் நேரடி ஆட்சியில் இருந்தது சாமி பை ஒன்றுதான். எங்கள் வீட்டில் பெண் பார்க்கவோ நிலம் வாங்கவோ கிளம்பினால், ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வேண்டிக்கொள்வார்கள். காரியம் கைகூடியதும் கோயிலில் செலுத்திவிட வேண்டும். அப்பச்சி காசை முடிந்துவைப்பதில் காட்டிய வேகத்தைச் செலுத்துவதில் காட்டியதில்லை. ஆகவே அந்த முடிச்சுகளும் கோவிலூர்த் திருநீறும் சேர்ந்து, காரில் தொங்கிய சுருக்குப் பை கனத்துக்கொண்டே போனது. பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடியில் அதை மாட்டியிருந்தார். பாரம் தாங்காமல் கண்ணாடியே சரிந்துவிட்டது. பிறகு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குமிழைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அதன் கழுத்தில் கயிற்றை இறுக்கிச் சுற்றிப் பையைத் தொங்கவிட்டார். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்பது உத்தரவு.

பெட்ரோல் விவகாரம் முற்றியதும், பாய் தொழுகைக்குப் போயிருந்த ஒரு நாள் நான் ஓட்ட, அப்பச்சியும் நானுமாக வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் அடியில் படுத்து, பெட்ரோல் குழாயை விரலால் தடவி மோந்து பார்த்தார். கசிவு இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரங்களைக் கையால் சுற்றி, பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. பிளக்குகளைக் கழற்றினால் அடுப்புக்கரியாக இருந்தன. அவற்றைத் துடைத்து மாட்டி, கார்புரேட்டரையும் பிரித்துக் கழுவிப் பூட்டினார். ஓர் ஓட்டு ஓட்டிவிட்டு வந்து, "வண்டியில ஒரு கோளாறும் இல்லைங்க மொதலாளி. அலுங்காமக் குலுங்காமப் போகுது," என்றார்.

நல்ல சேதிதானே என்று நான் நினைத்தேன். அப்பச்சியின் முகம் கறுத்துவிட்டது. அடுத்த வாரமும் பெட்ரோல் அதே மாதிரி காணாமல் போனது. வண்டியில் கோளாறு இல்லையென்றால் யாரோ இறக்குகிறார்கள். வண்டியோடு எப்போதும் இருப்பவர் ஒருவர்தான்.

"பாயையா சொல்றீக? வாய்க்கு வந்ததைப் பேசாதீக," என்றாள் ஆத்தா. என் தாயார் சொல்லி அப்பச்சி எதைக் கேட்டிருக்கிறார்? பெட்ரோல் டேங்குக்குப் பூட்டு வைத்த மூடி ஒன்றை வாங்கி மாட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். மறுநாள் காலையில் பாய் அந்தப் பூட்டைப் பார்த்தார். வண்டியைத் துடைக்கும்போது அதையும் சேர்த்துத் துடைத்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பு கூசியது.

பூட்டிய பிறகும் பெட்ரோல் குறைந்தது. அப்பாடா, இனி பாய் மேல் சந்தேகம் இல்லை என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்பச்சியோ, பாய் காது கேட்கும் தூரத்தில் நிற்கும்போதே, "சாவின்னா ஒன்னுதான் இருக்கணுமா? இன்னொன்னு செஞ்சு வச்சிருப்பாக," என்றார்.

பாய் கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் உலர்த்தினார். உள்ளே வந்து கார் சாவியை அப்பச்சியின் முன்னால் வைத்தார்.

"போயிட்டு வாரேன் மொதலாளி."

அப்புறம் வரவில்லை. ஊரிலும் பேச்சு பரவியது. பெட்ரோல் திருடியதற்காகச் செட்டியார் வீட்டில் நிறுத்திவிட்டார்களாம் என்று கடைத்தெருவில் ஒருவர் என்னிடமே சொன்னார். இனி அந்த மனிதருக்கு யார் வண்டி கொடுப்பார்கள்?

பாய் போனதும் வண்டி என் தலையில் விழுந்தது. சென்னையில் படித்தபோது கார் ஓட்டக் கற்றிருந்தேன். பானெட்டைத் திறந்தால் எது எதற்கென்று தெரியாது. விருந்தாளி ஒருவரைக் கல்லலில் கொண்டுவிட வேண்டியிருந்தது. பெட்ரோல் நிரப்பி, என் கையால் மூடியைப் பூட்டி, சாவியை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது முள்ளைப் பார்த்தேன். கிடுகிடுவென்று இறங்கியிருந்தது. வண்டியை ஓரங்கட்டி அதையே வெறித்துப் பார்த்தேன். பாய் இல்லை. சாவி என்னிடம். அப்படியானால் திருடன் நானா?

வீட்டுக்குப் போகாமல் நேரே மெக்கானிக்கிடம் விட்டேன். எஞ்சினை நிறுத்தக்கூடத் தோன்றாமல், "கோளாறு இல்லைன்னு சொன்னீகளே, வந்து பாருங்க," என்று கத்தினேன்.

அவர் நிதானமாக வந்து கதவைத் திறந்தார். "கையெல்லாம் கிரீஸா இருக்கு தம்பி. சாமி பையக் கழட்டி அங்குட்டு வச்சிருங்க. அன்னைக்கும் ஒங்க அப்பச்சிதான் கழட்டி மடியில வச்சுக்கிட்டாக."

கயிற்றின் சுற்றுகளைப் பிரித்துப் பையை எடுத்தேன். அவர் எதையும் யோசிக்காமல், பழக்கத்தில், அந்தக் குமிழை உள்ளே தள்ளினார். உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று அடங்கிச் சீராக ஓடியது. பின்னால் வந்துகொண்டிருந்த கறுப்புப் புகை மெலிந்து நின்றது. அவர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"இந்தக் கயிறு எப்பவும் இதுலதான் கெடக்குமா?"

"ஆமா."

"இது சோக்கு, தம்பி."

குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் கிளம்புவதற்காகக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலை அதிகம் உறிஞ்ச வைக்கிற குமிழ் அது. கிளம்பியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு அதை இழுக்கவே தேவையில்லை. சுற்றிய கயிறு அதை உள்ளே போகவிடாமல் மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தியிருக்கிறது. மெக்கானிக்கிடம் வந்தால் மரியாதைக்காகப் பை கழலும், வண்டி நல்ல பிள்ளையாகிவிடும். வீட்டுக்குக் கிளம்பும்போது அப்பச்சி மறுபடி கட்டிவிடுவார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பச்சி சீறினார். "சாமி மேலயே பழி போடுறியா?" நான் அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, எஞ்சினைக் கிளப்பி, குமிழை இழுத்துக் கயிற்றைச் சுற்றினேன். உறுமியது. பிரித்துக் குமிழைத் தள்ளினேன். அடங்கியது. மறுபடியும் செய்து காட்டினேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "பாய் வீடு எங்குட்டு இருக்கு?" என்று கேட்டார்.

இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவரின் வீடு அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. அதுதான் அன்றைக்கு என்னை எல்லாவற்றையும்விட உலுக்கியது. கடைத்தெருவில் விசாரித்துக்கொண்டு போனோம்.

பாய் நாற்காலி போட்டார். அப்பச்சி தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். பாய் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் மொதலாளி."

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தீகளா?"

"கயித்தச் சுத்துன அன்னைக்கே சொல்ல வந்தேன். அதுல மட்டும் கை வைக்காதீக, அதப் பத்திப் பேசாதீகன்னு வாய அடச்சுட்டீக. திருட்டுப் பேச்சு வந்த பெறகு சொன்னா, தப்பிக்கிறதுக்காக ஒங்க சாமி மேல பழி போடுறேன்னு ஆயிரும். நான் வேற சாதி சனம். அதுக்குத் திருடன்ற பேரே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

பெற்ற மகன் சொன்னதற்கே அப்பச்சி என்ன கேட்டார் என்பது எனக்குத் தெரியும். அவரால் பாயை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வந்துருங்க பாய்," என்றார் கடைசியில். பாய் வந்தார். பூட்டு மூடியை அப்பச்சி தூக்கி எறிந்துவிட்டுப் பழைய மூடியையே போட்டிருந்தார். சாமி பை வண்டியில் ஏறவே இல்லை. பெட்ரோல் பழையபடி வாரம் முழுவதும் வந்தது. ஆனால் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியதும் பாய் இறங்கி, சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அப்பச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் இறங்கி, பெட்ரோல் போடச் சொல்லி, மூடியைத் தானே திருகுவார். "இங்குட்டு வாங்க பாய், எதுக்கு அங்க நிக்கிறீக?" என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார்.

"இருக்கட்டும் மொதலாளி. நீங்க மூடிட்டுச் சொல்லுங்க, வாரேன்."

வண்டியை விற்கும் வரைக்கும் அவர் அப்படித்தான் நின்றார்.