கொக்கிக்கு எழுதின ரெண்டாவது அட்டை

எங்க கடைக்கு வர்றவங்க கேமராவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அதுக்குக் கீழே நிக்கிற அட்டையைத்தான் படிப்பாங்க. கம்பெனி அனுப்புற பளபளப்பு நோட்டீஸை ஒருத்தரும் சீண்டுறதில்லை. அந்த அட்டையெல்லாம் எழுதறது கவுன்ட்டர்ல நிக்கிற அக்கா. அதனால வாடிக்கையாளர்ங்க வெச்ச பேரு அட்டை அக்கா. நான் பின்னறையில கேமரா ரிப்பேர் பார்க்கிறவன். பதினோரு வருஷமா அவங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு காது தேய்ஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு, அவங்களைப் பத்தி வேற யாராவது குறை சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அக்கா படம் எடுக்கப் படிச்சவங்க இல்லை. பில் போடற வேலைக்கு வந்தவங்க. வந்த புதுசுல ஒரு அம்மா, "இதுல எது நல்லா இருக்கும்?"னு கேட்டதுக்கு பதில் தெரியலை. அந்த அவமானத்துல, மொதலாளிகிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு கேமராவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஏழு நாள். பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கையால எடுத்தாங்க. பாத்திரம் கழுவின ஈரக் கையோட பட்டனை அழுத்தினாங்க. நாற்காலியில வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கற வீட்டுக்காரரை எடுத்தாங்க. எட்டாம் நாள் ஒரு அட்டை எழுதிக் கேமராவுக்குக் கீழே வெச்சாங்க. அன்னைக்கு ஆரம்பிச்சது.

சும்மா சொல்லக் கூடாது, அந்த எழுத்துல ஒரு காரம் இருக்கும். "பிடி நல்லா இருக்கு, சின்னக் கைக்கும் எட்டும். மெனுதான் புதுசா குடிவந்த வீடு மாதிரி, எது எங்கே இருக்குன்னு தெரிய ஒரு மாசம் ஆகும்." "இந்த ஃப்ளாஷை நேராத் திருப்பி அடிச்சா சொந்தக்காரங்க எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி வருவாங்க. கூரையைப் பார்த்து அடிங்க." "ட்ரைபாட் லேசா இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க, காத்தடிச்சா அதுக்கும் லேசாத்தான் இருக்கும்." மொதலாளி தலையில அடிச்சுக்குவார். ஆனா வித்துச்சு. குறையையும் சொன்னா, நல்லா இருக்குன்னு சொல்றதை நம்பி வாங்கறாங்க, அவ்வளவுதான் விஷயம்.

இப்போ கொக்கிக்கு வர்றேன். கழுத்துப் பட்டையில கேமராவை மாட்டறதுக்கு ஒரு புது மாதிரி கொக்கி வந்துச்சு. பட்டனை அமுக்கினா ஒரு நொடியில கழண்டு வரும், திரும்ப வெச்சா டக்குன்னு பூட்டிக்கும். அக்கா ஏழு நாள் போட்டுப் பார்த்துட்டு, "நம்பித் தொங்கவிடலாம்"னு எழுதினாங்க. சுடச்சுட வித்துப் போச்சு.

அடுத்த மாசம், எங்க கடையில கேமரா வாங்கின ஒரு நர்ஸம்மா வந்தாங்க. டவல்ல சுத்தின கேமராவை கவுன்ட்டர்ல வெச்சாங்க. பெரிய லென்ஸ் மாட்டி, கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு வீட்டு மாடிப்படி இறங்கியிருக்காங்க. பாதிப் படியில கொக்கி கழண்டு, கேமரா கீழே வரைக்கும் உருண்டிருக்கு. லென்ஸ் மாட்டற வளையமே கோணிப் போயிருந்துச்சு. அந்தம்மா சத்தம் போடலை. "நீங்க எழுதினதைப் படிச்சுட்டுத்தாங்க வாங்கினேன்"னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தாக்கூட அக்கா தாங்கியிருப்பாங்க. மூஞ்சி செத்துப் போச்சு.

நர்ஸம்மா போனதும் அதே கொக்கியில பெரிய லென்ஸோட ஒரு பழைய கேமராவை மாட்டி, அக்காவைக் கடை மாடிப்படியில ஏறி இறங்கச் சொன்னேன். ஏறினாங்க, இறங்கினாங்க. ஒண்ணும் ஆகலை. அப்பத்தான் கவனிச்சேன்.

"அக்கா, உங்க கையைப் பாருங்க."

லென்ஸுக்கு அடியில ஒரு கை தாங்கிக்கிட்டு இருந்துச்சு. அவங்களுக்கே தெரியலை. இத்தனை வருஷம் கடைச் சாமானை, கீழே போட்டுடக் கூடாதேன்னு பயந்து பயந்து தூக்கின கை. அந்த ஏழு நாளும் கேமராவைத் தாங்கினது கொக்கி இல்லை, இந்தக் கைதான். கையைப் பின்னால கட்டிக்கிட்டு இறங்கச் சொல்லி, கீழ்ப்படியில ஒரு தலையணையோட நான் நின்னேன். லென்ஸ் கனத்துல கேமரா சாஞ்சு, கொக்கிப் பட்டன் இடுப்புல உரசி, மூணாவது தடவை பொத்துன்னு விழுந்துச்சு.

அக்கா அங்கேயே படியில உக்காந்து எழுதினாங்க. "போன மாசம் நான் எழுதினது தப்பு. பெரிய லென்ஸ் மாட்டினா இந்தக் கொக்கி தானாக் கழலுது. வாங்கினவங்க திருப்பிக் கொண்டு வாங்க."

மொதலாளி படிச்சுட்டுக் குதிச்சார். "ஏம்மா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஒண்ணு தப்புன்னு நீயே எழுதினா மத்த அட்டையை எவன் நம்புவான்?"

"இதை எழுதலைன்னாத்தான், மொதலாளி, யாரும் நம்பக் கூடாது."

"நாளைக்குக் கொக்கிக் கம்பெனிக்காரர் வர்றார். அதுக்குள்ள அந்த அட்டை போகணும். இல்லை, நீ போகணும்."

அன்னிக்குச் சாயங்காலம் நான்கூட சொன்னேன், அட்டையை ரெண்டு நாள் எடுத்து வெச்சுக்கோங்கக்கான்னு. வீட்டுக்காரருக்கு முதுகு பிசகி வேலை இல்லாம இருந்த நேரம் அது. இவங்க சம்பளத்துலதான் அடுப்பெரியுது. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, இன்னும் எத்தனை கேமரா படியில உருளணும்? நீ சொல்லு, நான் எடுத்துடறேன்"னாங்க.

மறுநாள் கம்பெனிக்காரர் வந்தார். கழுத்துல அதே பட்டை, அதே கொக்கி. அதுல எங்க கடையிலேயே விலை கேட்கப் பயப்படற கேமரா, முழங்கை நீளத்துக்கு லென்ஸோட. அட்டையை விரலால தட்டி, "மாட்டத் தெரியாதவங்க மாட்டினா எதுவும்தான் கழலும்"னார். கடையில ஏழெட்டுப் பேர் நின்னுக்கிட்டிருந்தாங்க. மொதலாளி பல்லைக் கடிச்சுக்கிட்டு அக்காவை முறைச்சார்.

"உங்களுக்கு மாட்டத் தெரியுமில்லையா சார்?"னு கேட்டாங்க அக்கா. "அதோ மாடிப்படி. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு ஏறி இறங்கிடுங்க. மூணே தடவை. கழலலைன்னா அட்டையை நானே கிழிச்சுட்டு, இப்படியே வீட்டுக்குப் போயிடறேன்."

சிரிச்சுக்கிட்டேதான் ஏறினார் மனுஷன். இறங்கறப்போ ரெண்டாவது படியிலேயே கை தானா முன்னால வந்து லென்ஸைப் பிடிச்சுக்கிச்சு.

"கை, சார்."

பின்னால கட்டினார். நாலாவது படியில திரும்பவும் வந்துச்சு.

"கை, சார்!" இந்தத் தடவை சொன்னது அக்கா இல்லை, பேட்டரி வாங்க வந்த ஒரு பெரியவர். கடையே சிரிச்சுச்சு. கம்பெனிக்காரர் மூஞ்சி செவந்து போச்சு. பாதிப் படியில நின்னு, கேமராவை ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "இது விளையாடற சாமான் இல்லைம்மா"ன்னார்.

அக்காவுக்குக் குரல் உடைஞ்சு போச்சு. ஆனா தழையலை. "அந்த நர்ஸம்மா மூணு வருஷம் நைட் டியூட்டி பார்த்துச் சேர்த்து வாங்கினது சார் அது. உங்க கேமராவுக்குக் கை வேணும், அவங்க கேமராவுக்கு இந்தக் கொக்கி போதுமா?"

கம்பெனிக்காரர் இறங்கி வந்து, யாரையும் பார்க்காம வெளியே போயிட்டார். மொதலாளி அட்டையைக் கையில எடுத்தார். கிழிக்கப் போறார்னுதான் நினைச்சேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு முழுசாப் படிச்சார்.

"எழுத்து பொடியா இருக்கு. வாசல்ல ஒட்டற மாதிரி பெருசா எழுதிக் குடு"ன்னார்.

வேற யாரா இருந்தாலும் பொழைச்சோம்டா சாமின்னு பேனாவைத் தேடியிருப்பாங்க. அக்கா கையைக் கட்டிக்கிட்டு அப்படியே நின்னாங்க.

"எழுதறேன் மொதலாளி. முதல்ல அந்தம்மா கேமராவை நம்ம கடைச் செலவுல சரி பண்ணித் தர்றோம்னு சொல்லுங்க. அதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்."